சிவந்த நாக்கு

மழை விட்டு வெயிலடித்த காலையில், கிள்ளை ரோட்டோரம் ஒரு பிளாட்டின் எல்லைக்கல்லை ஒட்டிச் சப்பாத்திக்கள்ளி பழுத்திருந்தது. எங்கள் தெருவுக்கும் காலனிக்கும் நடுவில் அன்றிருந்த கள்ளிக்காட்டில் மிஞ்சியது அந்த ஒரு புதர்தான்.

சின்ன வயதில் மழை ஓய்ந்ததும் அங்கே ஓடுவேன்; காலனியிலிருந்து அஞ்சலை வந்திருப்பாள். பழத்தை மணலில் உருட்டி உருட்டிச் சுணை போக்கி, பிளந்து, நடுவிலிருக்கும் முள்ளை நகத்தால் எடுத்துவிட்டு என் வாயில் வைப்பாள். பிறகு இருவரும் நாக்கை நீட்டி, யாருடையது அதிகச் சிவப்பு என்று பார்த்துக்கொள்வோம்.

வீட்டு வாசலில் அம்மாவும் அதே நாக்கைத்தான் பார்ப்பாள். "நீட்டுடி. அந்தக் காலனிக்காரி கையால தின்னியா?" அடி அந்தக் கைக்காகத்தான் விழும், பழத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு கோடையில், பாம்பு ஜாஸ்தி என்று சொல்லி எங்கள் தெரு ஆண்கள் காட்டையே கொளுத்தினார்கள். காலனிக்குள் போகாத பாம்பு எங்கள் தெருவுக்கு மட்டும் வருமாம்.

இன்று நானே ஒரு பழத்தை மணலில் உருட்டித் தின்றேன். சுணை சரியாகப் போகாமல் உதட்டில் குத்தியது. அம்மா இறந்து பல வருஷமாகிறது, அடிக்க ஆளில்லை. ஆனாலும் தெருமுனை வந்ததும் நின்று, முந்தானையால் நாக்கை அழுந்தத் துடைத்துக்கொண்டேன்.