ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு மொய்னாபாத் செம்பருத்தித் தோட்டத்துக்கு

போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பேசியது சுலோசனா. இருபத்தொரு வருஷமாக நாங்கள் பேசவில்லை. சரியாகச் சொன்னால், நான்தான் அவளோடு பேசவில்லை. நல்லாருக்கியா என்று கூடக் கேட்காமல், எடுத்த எடுப்பில், "அக்கா, அந்த ஜாக்கெட் துணி இன்னும் உன்கிட்ட இருக்கா?" என்றாள்.

இருந்தது. அதனால்தான் இந்தப் பயணம்.

செகந்தராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகரில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்கும் ஒரே தொழிற்சாலையில் வேலை. நான் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். அவள் செகந்தராபாத்திலேயே பிறந்தவள், வெள்ளைக்காரன் காலத்தில் வந்த குடும்பம். ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுக்குச் செம்பருத்திப் பைத்தியம். இருக்கிற செடியை வளர்ப்பதோடு விடமாட்டாள். ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவி, விதை எடுத்து, உலகத்தில் இல்லாத பூவை வரவழைப்பாள். அப்படி வந்த ஒன்று மதில் ஓரமாகப் பூத்தது. சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம், நடுவில் ரத்தச் சிவப்பு. அந்தப் பூவுக்காகவே நான் துணி காயப்போடும் கொடியை அந்தப் பக்கம் மாற்றிக் கட்டினேன்.

அந்த வருஷ நவராத்திரியில் அவள் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தபோது, ஒரு கொம்பு ஒடித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். செடி வளர்க்கிற பெண்களுக்குள் இது தண்ணீர் கேட்கிற மாதிரி. யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அவள் சொன்னாள். "நக்கோ அக்கா, இதை மட்டும் கேக்காதே." நக்கோ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் வேண்டாம், கிடையாது. ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஏழு பேர் பெயரும், கட்டியிருந்த புடவையும் இப்போதும் சொல்வேன். அதில் ஒருத்தி சிரித்தாள். சிரித்தவளின் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

மறுநாள் அந்தப் பூ ஒன்று எங்கள் பக்கம் விழுந்தது. ஈரக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி, செகந்தராபாத் ஜெனரல் பஜாரில் இருக்கிற மேட்சிங் கடைக்குப் போனேன். புடவையைக் கொண்டுபோய் ரவிக்கைக்குத் துணி பார்ப்போமே, அதே போலப் பூவைக் காட்டி, "இந்தக் கலர்ல ஒரு டூ பை டூ" என்றேன். கடைக்காரர் எடுத்துப் போட்ட துணிகளில் ஒன்று பூவோடு ஒட்டிப் பிறந்தது போல இருந்தது. வாங்கி வந்து மதில் மேல் போட்டேன், அவள் கண்ணில் படட்டும் என்று. "உன் பூ எங்க வீட்லயும் இருக்கு" என்று சொன்னதுதான் கடைசிப் பேச்சு. அந்தத் துணியை நான் தைக்கவில்லை. பட்டுப்புடவைகளுக்கு நடுவில், வெளிச்சம் படாமல், வைத்த மடிப்போடு இருந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு மொய்னாபாத் தாண்டி ஒரு துண்டு நிலம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அந்த நிலத்தையும் கொடுத்தாகிவிட்டதாம், வாங்கியவர்கள் மனை போடப் போகிறார்கள். தீபாவளி கழிந்ததும் அவள் மகனோடு கச்சிபௌலியில் பதினாலாவது மாடிக்குப் போகிறாள். பால்கனியில் எட்டுத் தொட்டிக்குத்தான் இடம். ஏழு முடிவாகிவிட்டது. எட்டாவதாக நிற்பது, மதில் ஓரம் இருந்த அந்தப் பழைய பூவின் பேத்தி.

"பாக்கறதுக்குப் பழசே திரும்பிப் பொறந்து வந்த மாதிரி இருக்கு, அக்கா. நிறம் பழசேதான்னா அது புதுசு இல்ல, நான் வச்சுக்க மாட்டேன், உரக்குழிக்குப் போகட்டும். வேறன்னா எட்டாவது தொட்டி அதுக்கு" என்றாள். பழைய செடி செத்துப் போயிற்று. அதன் போட்டோக்களில் ஒன்றில் பூ நீலமாகவும் ஒன்றில் ரோஸாகவும் விழுந்திருக்கிறதாம். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து நிறமெல்லாம் புதிதாகத் தெரிகிறது, பழைய ஞாபகத்தை நம்ப முடியவில்லை என்றாள்.

"அதுக்கு நான் என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"அந்தப் பூவை என்னைவிட நீதான் அதிகமா முறைச்சுப் பாத்திருக்க."

அது உண்மை. போக ஒத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்குக் கிளம்பினேன். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து ஹப்சிகூடா வரை பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, ஆதார் அட்டையைக் காட்ட வேண்டும், மறந்துவிட்டுப் போகாதீர்கள். ஹப்சிகூடாவில் மெட்ரோ ஏறினால் ராய்துர்க் கடைசி ஸ்டேஷன், மாறத் தேவையில்லை. முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஆகும். பேகம்பேட் வரை நின்றுகொண்டு வந்தேன். முதியோர் இருக்கையில் காதில் வயரோடு தூங்குவது போல நடித்த மஞ்சள் சட்டைக்காரனை எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

ராய்துர்க்கிலிருந்து பஸ் மாறி மாறிப் போகலாம். எனக்கு முட்டி வலி, அதனால் வீட்டில் இருந்தபடியே என் பேத்தி தன் போனில் கார் போட்டுக் கொடுத்தாள். அறுநூற்றிருபது ரூபாய். கச்சிபௌலியில் கம்பெனி பஸ்களுக்கு நடுவில் அரை மணி நேரம் நகரவில்லை. டிரைவர் பேச்சுக் கொடுத்தார். செம்பருத்திப் பூ பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னதும், "ஏக் பூல் தேக்னே கைக்கு இத்னா தூர், அம்மா?" என்று கேட்டார். ஒரு பூவைப் பார்க்க எதற்கு இவ்வளவு தூரம் என்கிறார். ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது என்றேன். அவர் ரேடியோவைப் போட்டுக்கொண்டார். செவெள்ளா சாலைக்குத் திரும்பிய பிறகு இரண்டு பக்கமும் ஆலமரங்கள் வருகின்றன. அந்தக் கொஞ்ச தூரத்துக்காகவே ஜன்னல் ஓரம் உட்காரலாம். மொய்னாபாத் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. ஒன்பது மணி சுமாருக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கம்பிக் கதவைத் திறந்தவளுக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. என் கையில் இருந்த பையைத்தான் முதலில் பார்த்தாள். "கொண்டு வந்தியா?"

"தண்ணி தருவியா, இல்ல அதுவும் நக்கோவா?" என்றேன்.

"இருபத்தொரு வருஷமா இதை வாயிலயே வச்சிருந்தியா!" என்று சிரித்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தாள்.

பச்சை வலைக் கூரைக்குக் கீழே வரிசையாகச் செம்பருத்திகள். நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் சிவப்பும் வெள்ளையும்தான். இங்கே காப்பி நிறத்தில் ஒன்று, பாகற்காய்ப் பூ மஞ்சளில் கறுப்பு நடுவோடு ஒன்று, தட்டு அளவு விரிந்த ஒன்று. எல்லாம் இவள் கையால் வந்தவை. கடைசித் தொட்டிதான் பேத்தி. அதே சாம்பல் ஊதா, அதே ரத்தச் சிவப்பு.

துணியைப் பிரித்து இதழுக்குப் பக்கத்தில் பிடித்தேன். என் கண்ணும் முன்னைப்போல இல்லை. ஆனால் துணியையும் பூவையும் ஒரே கண்ணால்தானே பார்க்கிறோம். துணி எது, இதழ் எது என்று தெரியவில்லை. மேட்சிங் கடைக்காரர் இருந்தால் வெட்டிக் கொடுத்துவிடுவார்.

"அதேதான்" என்றேன்.

வேறு யாராவது இருந்தால், பரவாயில்லை, அழகாகத்தானே இருக்கிறது என்று வைத்துக்கொள்வார்கள். இவள் களைக்கொத்தியை எடுத்து வந்து தொட்டி மண்ணில் இறக்கினாள். மூன்று வருஷம் வளர்த்த செடி. தொட்டி ஆடியதில் பக்கத்துத் தொட்டியில் இருந்து ஒரு மஞ்சள் பூ பொத்தென்று கீழே விழுந்தது.

விழுந்த பூ. நான் கடைக்குக் கொண்டுபோனது விழுந்த பூ.

"ஏட்டி, கைய எடு!" என்று கத்தினேன். "நான் துணி எடுத்தது சாயங்காலப் பூவுக்கு. நீ காட்டுதது காலைப் பூ. காலையில வாசல் தெளிக்கும்போது பழசு இப்படியா இருக்கும்? நாவப்பழத் தோலு மாதிரி அழுத்தமா இருக்கும். வெயில் ஏற ஏற வெளுத்து, பிள்ளைங்க ஸ்கூல் பஸ்சு வர்ற மூணரைக்குத்தான் இந்தத் துணி கலருக்கு வரும். வந்ததும் விழுந்துரும்."

களைக்கொத்தி மண்ணிலேயே நின்றது. "மூணரைக்கு நான் ஸ்கூல்ல இருப்பேன்" என்றாள் மெதுவாக. "அஞ்சு மணிக்கு வந்து பாத்தா சுருண்டு கீழ கிடக்கும். அது எப்படி நிறம் மாறிச்சுன்னு நான் பாத்ததே இல்ல."

"இது மூணரைக்கு எப்படி மாறும்?" என்று கேட்டேன்.

"நான் சொல்ல மாட்டேன். காலைப் பூவுக்கு உன் ஞாபகம்தான் சாட்சி, மூணரைக்குத் துணியே இருக்கு. நீயே பாரு. நான் சொன்னா நீ அதைத்தான் பாப்பே."

நான் பத்து மணிக்குத் திரும்புவதாக இருந்தேன். காத்திருக்கச் சொல்லியிருந்த காரை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

அந்தக் காத்திருப்பில்தான் அவள் வேலையைப் பார்த்தேன். இவ்வளவு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் பார்த்ததில்லை. அப்பா பூவைப் பறித்து, அதன் மஞ்சள் தூளை, அம்மா பூவின் நடுத்தண்டு நுனியில் இருக்கிற ஐந்து சின்னப் பொட்டுகளிலும் தொட்டுத் தொட்டு வைக்கிறாள். குழந்தைக்கு மை வைக்கிற கை. பிறகு காம்பில் ஒரு நூல், எந்த அப்பாவோ அந்தக் கலரில். ஒட்டினால் காய் பிடிக்கும், பெரும்பாலும் ஒட்டாது. காய் வெடித்து விதை சிதறாமல் இருக்கக் கொசுவலைத் துண்டில் பை தைத்துக் கட்டுகிறாள். முற்ற இரண்டு மாதம் போல ஆகும். ஒரே காயில் இருக்கிற விதைகள் கூட அண்ணன் தம்பி மாதிரிதான், ஒன்றைப் போல ஒன்று வராது. முதல் பூவைப் பார்க்க ஒரு வருஷத்துக்கு மேல். பார்த்த பிறகு நூற்றில் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் குழியில் போடுகிறாள். குழியை எட்டிப் பார்த்தேன். நம் வீட்டு வாசலில் இருந்தால் தெருவே நின்று பார்க்கும், அப்படிப்பட்ட பூக்கள்.

"இதை யாருக்காவது கொடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"கொடுத்தா அது ஊரெல்லாம் போயிடும், அக்கா. ரெண்டாவது வெயில்ல மொட்டு கொட்டும், வேர் அழுகும். அப்புறம் திரும்ப வாங்க முடியுமா? என் கையை விட்டுப் போறது நின்னு பூக்கணும்." ஒரு காய்க்கு வலைப் பையைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அன்னிக்கு நீ கேட்டதும் அதனாலதான் தரல. தினம் அஞ்சு மணிக்குக் கீழ விழுந்து கிடக்கிற பூவை உனக்கு எப்படிக் கொடுப்பேன்? அடுத்த கோடையில அது மொத்தமா போச்சு."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"ஏழு பேர் முன்னால, என் செடி சரியில்லன்னு சொல்லணுமா?"

நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனாலும் மறுநாள் மதில் பக்கம் வந்து சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்கை நான் மூடவில்லை.

சாப்பாடு போட்டாள். கோங்குரா என்கிற புளிச்சக்கீரைப் பச்சடிக்கு உப்பு கூடுதல். அவள் பூ மட்டும் வேளைக்கு வேளை மாறிக்கொண்டே இருந்தது. வெளுக்கவில்லை. பன்னிரண்டுக்கு ஓரத்தில் லேசாகச் சிவப்பு கட்டியது. இரண்டு மணிக்குச் சுட்ட செங்கல்லின் நிறம் ஓரத்திலிருந்து உள்ளே இறங்கியது, சாம்பல் உள்ளே உள்ளே ஒதுங்கியது. மூன்று மணிக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தோம். என் கண் காம்பிலேயே இருந்தது, விழுந்துவிடுமோ என்று. அந்தப் பூவை நான் அதுவரை என் பகையாளியின் பூவாகத்தான் நினைத்திருந்தேன். அந்த அரை மணி நேரம் விழக்கூடாது, விழக்கூடாது என்று என் பிள்ளைக்கு வேண்டுவது போல வேண்டினேன்.

மூன்றரை ஆயிற்று. துணியை மறுபடி பிடித்தேன். துணி அதே சாம்பல் ஊதா. பூ கோடை மாலை வானம் மாதிரி சிவந்து, விரிந்தது விரிந்தபடி, கொம்பில் நின்றது.

"இது வேற" என்றேன். "இது பழசு இல்ல. பழசைவிட நல்லாருக்கு. நான் சொல்லுதேன்."

சுலோசனா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். களைக்கொத்தியைப் பிடுங்கி, கிளறிய மண்ணை விரலால் அழுத்தி மூடினாள். பிறகு ஒரு பிளாஸ்டிக் அட்டையில் எழுதித் தொட்டியில் குத்தினாள். எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியாது. என்ன என்று கேட்டேன். "மூடுன்னர" என்றாள். மூன்றரை.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன்: "ஒரு கொம்பு ஒடிச்சுக் குடேன்."

அவள் என்னைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள். "நக்கோ அக்கா. ஒட்டுக் கட்டி ஒரு மழைக்காலம் பாக்கணும்."

அதே வீம்பு. எனக்குக் கோபம் வந்தது, கூடவே அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாமா என்றும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் நடந்தேன். துணியை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். அடுத்த பூவுக்கும் வேண்டியிருக்கும்.

திரும்பும்போது அங்கே கார் கிடைப்பது கஷ்டம். மெயின் ரோட்டுக்கு வந்து மெஹ்திபட்டினம் போகிற பஸ்சைப் பிடியுங்கள், அங்கிருந்து செகந்தராபாத்துக்கு அடிக்கடி பஸ் உண்டு. வீடு சேர எனக்கு ஏழரை ஆயிற்று. தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் தீபாவளிக்குள் போய்விடுங்கள். அப்புறம் அங்கே அளவுக்கல்தான் இருக்கும். தொப்பி, தண்ணீர் எடுத்துப் போங்கள். சாமிக்கு என்று கூட ஒரு பூவையும் கிள்ளிவிடாதீர்கள், பூவோடு காயும் போய்விடும். காலையில் பார்த்துவிட்டு ஓடி வராமல், ஒரே பூவைச் சாயங்காலமும் பாருங்கள். எதைப் பார்த்து ஆசைப்பட்டாலும் கொம்பு மட்டும் கேட்காதீர்கள். கேட்டாலும் தரமாட்டாள். தரும்போது வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். இருபத்தொரு வருஷமாக நிற்கிறேன்.