வரப்பில் பிடித்த கை

மார்கழிப் பனியில் வெளியே போகாதீர்கள், வெயில் ஏறட்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியும் எங்கள் ஊர் மிராசுதார் கேட்கவில்லை. விடிந்ததும் போய்ப் பார்க்காவிட்டால் நில உச்சவரம்புச் சட்டம் வயலைச் சுருட்டிக்கொண்டு போய்விடும் என்று அவருக்குப் பயம். குரங்குக் குல்லாய், மப்ளர், சால்வை. மூக்கு மட்டும் வெளியே தெரியும்.

ஈர வரப்பில் வழுக்கும் இடமெல்லாம் வைக்கோல் பரப்பி, அவர் கையைப் பிடித்து நடத்திப்போவார் ஒருவர். அந்த வயலின் குத்தகைக்காரர். அவரை வெளியேற்றத்தான் மிராசுதார் வழக்குப் போட்டிருந்தார்.

ஒருநாள் அவர்கள் பின்னாலேயே வரப்பில் நடந்தபோது நான் குத்தகைக்காரரிடம் கேட்டேவிட்டேன். "கேஸ் போட்டவரை இப்படித் தாங்குறீங்களே?"

"விழுந்து கால ஒடச்சுக்கிட்டாருன்னா மெட்ராஸ்லேந்து மவன் வந்துடுவாருங்க. அவரு வக்கீலு, கேஸ உருப்படியா நடத்திப்புடுவாரு. ஐயா நடமாடிக்கிட்டு இருந்தாத்தான் அது இப்படியே இழுத்துக்கிட்டுக் கெடக்கும். நானும் உழுதுக்கிட்டு இருப்பேன்."

குல்லாய்க்குள் ஒன்றும் கேட்காத மிராசுதார் திரும்பினார். "என்னங்கறான்?"

"நீங்க நூறு வயசு இருக்கணுமாம்."

"இருக்காதா பின்னே? தோக்கப்போறோம்னு தெரிஞ்சுபோச்சு, காக்கா பிடிக்கிறான்" என்றவர், அடுத்த அடி வைப்பதற்குமுன் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.