நக்கல் கவிஞரின் போர்வை

கிளேட்டன் ஸ்டேஷன் வாசலில் பஸ்சுக்குக் காத்திருக்கிறேன். சென்னையில் வாங்கிய ஸ்வெட்டரை மெல்போர்ன் காற்று மதிக்கவே இல்லை. பக்கத்தில் நிற்கும் யாழ்ப்பாணத்துப் பெண் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். மத்திய கால ஐரோப்பாவில், பிஷப்புகளைக் கிண்டலடித்தே லத்தீனில் பாட்டெழுதிய ஒரு கவிஞரைப் பற்றி. அவர் பெயர்கூட மிஞ்சவில்லை.

“குளிர் தாங்கேலாமல், தான் நக்கலடிச்ச பிஷப்பிட்டையே போர்வை கேட்டுப் பாட்டு எழுதினவர்,” என்கிறாள்.

“கொடுத்தாரா?”

“ஓம், குடுத்தவர். அடுத்த பாட்டு அந்தப் போர்வையில இருந்த ஓட்டையளைப் பற்றி.”

பஸ்சைக் காணோம். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. இங்குள்ள ஒரு தமிழ்ச் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தால் விடுவதில்லை என்று ஃபேஸ்புக்கில் வெண்பா எழுதியிருக்கிறாள். அந்தச் சங்கத்தின் இன்றைய விழாவில் அதே தலைவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்.

“என்ர வாயை மூடத்தான் போர்க்கினம். தெரியும்.”

“வாங்கிக்குவீங்களா?”

“குளிருதெல்லே, வாங்குவன். ஆனா ஆரார் எவ்வளவு நேரம் கதைச்சவை எண்டு இண்டைக்கும் எழுதுவன். இந்தியாவில இருந்தும் ஒராள் பேச வாறாராம்.”

நான் யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பஸ் வருகிறது. அவள் முதலில் ஏறுகிறாள். நான் பையைத் திறந்து, என் பன்னிரண்டு பக்க உரையில் ஒன்பது பக்கங்களை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் பின்னால் ஏறுகிறேன்.