மூணே முக்கால் அடித் தண்ணி

எங்கள் மாடி வீட்டு ஜெயசீலி அக்காவுக்குத் தாம்பரத்தில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. லீவு கிடைத்தால் போதும், ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிடுவார். "போன்ல ஒரு போட்டோ எடுத்தா முடிஞ்சுது, எதுக்குக்கா வெயில்ல காயறீங்க?" என்று கேட்டால், "போடி, உனக்கு எல்லாத்துக்கும் அவசரம்" என்பார்.

இந்த மனுஷியிடம் போய் எங்கள் ஃபிளாட் அசோசியேஷன் வாசல் சுவரைப் படம் போடக் கொடுத்தது! "நல்ல சீனரியா போடுங்க மேடம்" என்றார் செக்ரட்டரி சாம்பசிவன் சார். ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஓரமாக ஒரு குடிசை என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அக்கா இன்ச் டேப்போடு கீழ்வீடுகளுக்கு வந்து, போன டிசம்பர் வெள்ளம் விட்டுப்போன கறையை அளந்தார். என் ஹாலில் மூணே முக்கால் அடி.

ஒரே மாதத்தில் சுவரில் எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெரு வந்துவிட்டது. தரையிலிருந்து சரியாக மூணே முக்கால் அடிக்குப் பழுப்புத் தண்ணி. அதில் என் வீட்டு சிலிண்டர் ஜாலியாக மிதந்து போகிறது.

"மூணு நாள் மழை இப்பல்லாம் மூணு மணி நேரத்துல கொட்டுது. இனிமே இதுதான்மா நம்ம ஊர் சீனரி" என்றார் அக்கா.

அக்காவுக்கென்ன, சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டை வாங்க ஆள் வருகிறது. இது விற்றால்தான் பொத்தேரியில் நாலாவது மாடிக்குப் போக முடியும். இன்னொரு மழையை இங்கே பார்க்க எனக்குச் சத்தியமாகத் தெம்பில்லை.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தண்ணியைக் கணுக்கால் வரைக்கும் இறக்கிடுங்க."

சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் என் கையில் திணித்தார். "நீயே இறக்கு சுப்ரஜா. உன் வீட்டுக்குள்ள வந்த தண்ணிதானே."

ஞாயிறு காலை பிரஷை நனைத்துக்கொண்டு நிற்கிறேன், அதற்குள் கார் வந்துவிட்டது. புருஷன் இறங்கி, சக்கர நாற்காலியை விரித்து, மனைவியை உட்கார வைத்தார். ரோஸி என்று பெயர், பேங்க்கில் வேலையாம். "என்னால படி ஏற முடியாது. அதான் கீழ்வீடாவே தேடறோம்" என்று சிரித்தாள்.

பிறகு நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு சுவர் பக்கம் வந்தாள். "சூப்பரா இருக்கே! எந்த ஏரிக்கரை இது?"

படத்துத் தண்ணி அவள் கழுத்து வரைக்கும் இருந்தது.

பாழாய்ப்போன வாய் அப்போது பார்த்துத் திறந்துகொண்டது. "ஏரி இல்லம்மா, இந்தத் தெருதான். இவ்ளோ தண்ணி என் ஹால்லயும் நின்னுச்சு. நீங்க வேற வீடு பாருங்க."