குழியைக் கண்டால் விடாதவர்

பல்லுக்காரர் மோட்டார் சைக்கிளுக்குப் பல் செட் செய்துகொண்டிருக்கிறார் என்ற செய்தி மூன்று வாய் மாறி அவரிடமே வந்து சேர்ந்தது. கீழ்வீட்டு அம்மாள் முடிவெட்டும் கடையில் சொல்லியிருக்கிறார். அங்கே முறைக்குக் காத்திருந்த பல்லுக்காரருடைய கொழுந்தியாள் காதில் விழுந்திருக்கிறது. அவள் உடனே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

"அத்தானுக்கு எல்லாம் சரியாத்தானே இருக்குன்னு கேக்குறா என் தங்கச்சி" என்றாள் மனைவி, காய்கறிப் பையை மேசையில் வைத்தபடி.

"நீ என்ன சொன்ன?"

"முதல்ல பால் பல்லு விழட்டும்னு காத்திருக்காருன்னு சொன்னேன்."

அவரால் சிரிக்க முடியவில்லை. வதந்தியில் முக்கால்வாசி உண்மையாக இருந்தது.

இருபத்தாறு வருடமாக அவர் செயற்கைப் பல் செய்கிறவர். பல் மருத்துவர்கள் இருக்கும் கட்டடத்தின் அடித்தளத்தில், தலைக்கு மேலே தண்ணீர்க் குழாய்கள் ஓடும் ஒரு நீள அறையில் வேலை. மாடியிலிருந்து வாயின் அச்சுகள் சின்னச் சின்னப் பெட்டிகளில் இறங்கி வரும். பெயர் இருக்காது. எண் இருக்கும். 'மேல் வரிசை, ஆண், அறுபத்தொன்று' என்று ஒரு சீட்டு இருக்கும். அவர் அச்சில் சாந்து ஊற்றி, மெழுகில் பல் அடுக்கி, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றி மேலே அனுப்புவார். அத்தோடு சரி. தான் செய்த பல்லால் யாராவது கடித்து, மென்று, சிரித்து அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பேருந்தில் எதிரே ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தால், இது நம்ம கைவேலையோ என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார். மனைவி தொடையில் கிள்ளுவாள்.

ஐம்பத்திரண்டு வயதில் அவர் அந்த வண்டியை வாங்கியதற்குக் காரணம் இதுதான். தன் கையால் சரிசெய்த ஒன்று தன் கண்ணெதிரே வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு முறையாவது. மூடப்பட்ட ஓர் அச்சகத்தின் பின்கட்டிலிருந்து நான்கு மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக வந்தது. ஒற்றை சிலிண்டர். அவரைவிட இரண்டு வயது மூத்தது. "வண்டி வாங்கினேன்னு சொன்னீங்க, இது பிரேதப் பரிசோதனைக்கு வந்த மாதிரி இருக்கே" என்று மனைவி சொல்லிவிட்டு, துணி உலர்த்தும் கொட்டகையில் பாதியை அவருக்கு ஒதுக்கிக் கொடுத்தாள்.

மீதியைக் கற்றுக்கொண்டது ஒரு வாட்ஸப் குழுவில். பழைய வண்டிப் பைத்தியங்கள் முந்நூற்று நாற்பது பேர், பத்துப் பதினைந்து நாடுகளில் சிதறிக் கிடந்தாலும் வாயைத் திறந்தால் தமிழ். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. டிரைவர், டீச்சர், மயக்க மருந்து டாக்டர் என்று தொழிலால்தான் அழைப்பார்கள். இவர் சேர்ந்த அன்றே பல்லுக்காரர் ஆகிவிட்டார். சட்டமும் ஒன்றுதான். எதைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம்.

அவர் அந்தச் சட்டத்தை ஒரே ஒரு நாள் மீறினார்.

எஞ்சினின் பக்க மூடிக்குள் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் பல்சக்கரங்கள் இருந்தன. முகமெல்லாம் துரு அரித்த குழிகள். அவர் தொழிலில் குழி என்பது பாவம். குழியில் அழுக்குத் தங்கும், அழுக்குத் தங்கினால் ஈறு புண்ணாகும். இருபத்தாறு வருடமாக விரல் நுனியால் தடவிப் பார்த்து, ஊசிமுனைக் குழியையும் விடாமல் சமன் செய்து பழகிய கை அது. லேபிலிருந்து கொண்டுவந்த சின்னச் சாணைக் கல்லை எடுத்தார். ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று ஆக்கி, அந்த அழகைக் குழுவில் போட்டார்.

பாராட்டு வரும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். கடைசியில் டீச்சர் எழுதினார்: 'பல்லுக்காரரே, அதில் மூன்று குழிகள் இருந்திருக்குமே. அவை எங்கே?'

அந்த மூன்றும் துரு அல்ல. வண்டி பிறந்தபோது எந்தப் பல்லோடு எந்தப் பல் சேர வேண்டும் என்று தொழிற்சாலையில் ஆணியால் அடித்து வைத்த அடையாளம். ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் வால்வு போய்ப் பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் அங்கேயே காலி. அளந்து கணக்குப் போடலாம் என்றால், அந்த வருடத்து வண்டிக்கு மட்டும் அளவு வேறு, அது எழுதிய புத்தகம் யாரிடமும் இல்லை. அன்று அவர் சாப்பிடவில்லை. மனைவி கேலி செய்யவும் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் ரொட்டிக்காரர் என்ற ஒருவர் குழுவில் தலைகாட்டினார். கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு நகரத்தில் பேக்கரி வைத்திருப்பவர். அதே வருடத்து வண்டி, தினமும் மாவு வாங்கப் போய்வரும் வண்டி, அவரிடம் இருந்தது. அவர் யோசனை எதுவும் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருந்த தன் எஞ்சினைத் திறந்து, சக்கரத்தைப் படம் எடுத்துப் போட்டார்.

படத்தில் குழி பதினோராவது பல்லுக்கு நேரே என்றது ஒரு கட்சி, பன்னிரண்டு என்றது இன்னொரு கட்சி. கேமராவைச் சாய்த்தால் பதிலும் சாய்ந்தது. இரண்டு நாள் சண்டைக்குப் பிறகு பல்லுக்காரருக்கு, தனக்கு இந்த உலகில் ஒழுங்காகத் தெரிந்த ஒரே காரியம் நினைவுக்கு வந்தது. வாயில் அச்சு எடுக்கும் பசையை இரண்டு டப்பாக்களில் அடைத்து ரொட்டிக்காரருக்குப் பார்சல் அனுப்பினார். இரண்டையும் சம அளவு எடுத்து எப்படிப் பிசைய வேண்டும் என்று நான்கு நிமிடக் குரல் செய்தியும் அனுப்பினார்.

பதில் குரல் கரகரவென்று வந்தது. "ஏங்க, பிசையுறதுக்கு எனக்கே பாடம் எடுக்குறீங்களா? முப்பது வருஷமா வேற என்னத்தப் பண்றேன்?"

ஓடுகிற வண்டியை எதற்காகத் திறந்தீர்கள் என்று இவர் கேட்டிருந்தார். அதற்கும் அதிலேயே பதில் இருந்தது.

"எனக்குத் தெரிஞ்சு இந்த வருஷத்து வண்டி ரெண்டுதான் மிச்சம். ஒண்ணு மூச்சு விடுது. இன்னொண்ணு விடலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கு. சும்மா பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா? ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யுங்க. ஸ்டார்ட் ஆச்சுன்னா வீடியோ கீடியோ போடாதீங்க. ஓட ஓட எனக்குப் போன் போடுங்க. காதால கேக்கணும்."

அந்தச் சத்தத்தை அவர் ஏன் அவ்வளவு கேட்க விரும்பினார் என்று பிறகு டீச்சர் தனியாகச் சொன்னார். திறக்கும்போது ரொட்டிக்காரருடைய எஞ்சின் மூடியில் திருகு மாட்டும் காது ஒன்று விரிசல் விட்டுவிட்டதாம். ஒட்டவைக்க ஆள் கிடைக்கவில்லை. அவருடைய வண்டியும் இப்போது ஊமை. இதைப் பல்லுக்காரரிடம் சொல்லவே கூடாது என்று ரொட்டிக்காரர் சொல்லியிருந்தாராம்.

அச்சு ஒரு பிஸ்கட் டின்னில், மாவுக் காகிதம் சுற்றி வந்தது. கொட்டகை வாசலில் காலை வெயிலில் உட்கார்ந்து, ஒரு வாய்க்குச் செய்கிற அதே நிதானத்தோடு அதில் சாந்து ஊற்றினார். இறுகியதும் உரித்தார். கையில் ஒரு வெள்ளைச் சக்கரம். ஒவ்வொரு பல்லும், எண்ணெய் போகும் துளையும், உருவான நாளில் விழுந்த கீறலும் அப்படியே. மூன்று குழிகளும் இருந்தன. முதல் குழி பன்னிரண்டுக்கு நேரே, சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தவர் அப்படியே இருந்துவிட்டார். அந்தக் குழி வட்டமாக இல்லை. இடப்பக்கம் மெல்லிய வால் போல ஓர் இழுப்பு. ஆணியை நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து யாரோ அடித்திருக்கிறார்கள். எந்த ஊரோ, எந்தப் பட்டறையோ, சாப்பாட்டு நேரத்துக்கு முன்போ பின்போ. அந்த ஆள் இன்று உயிரோடு இருக்க வாய்ப்பில்லை. அவருடைய கையின் சாய்வு இரும்பில் அரை நூற்றாண்டு கிடந்து, ஒரு ரொட்டிக்காரரின் பிசைவில் ஏறி, கடல் தாண்டி வந்து, இந்த வெள்ளைக் கல்லில் இறங்கியிருந்தது.

மனைவி உலர்ந்த துணிகளை எடுக்க வந்தவள், "இதுக்கா இவ்வளவு நேரம் வாயைப் பிளந்துகிட்டு இருக்கீங்க" என்று கண்ணாடியை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தோளில் கிடந்த துண்டு சரிந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"யாரோ ஒருத்தர் இங்க ஒரு தட்டு தட்டியிருக்காரு" என்றாள் மெதுவாக.

"ஆமா."

"அப்போ நம்ம வண்டியில இருந்ததை நீங்க தேய்ச்சே அழிச்சிருக்கீங்க."

"ஆமா."

அவள் துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பூட்டி முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் உதைத்தார். நான்காவது உதையில் ஒரு தும்மல். ஏழாவதில் பிடித்துக்கொண்டது. டப், டப், டப் என்று ஒவ்வொரு அடிக்கும் நடுவே ஒரு முழு மூச்சு விட்டு, ஓடியது. வால்வு எதிலும் இடிக்கவில்லை. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது, கொடியில் தொங்கிய சட்டைகள் கையை ஆட்டின. எதையோ பார்த்துப் பயந்தவர் போலப் பல்லுக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். யாருக்கோ அனுப்பிவைக்க வேண்டாத ஒன்று, இங்கேயே, தன் கண்முன்னே வேலை செய்துகொண்டிருந்தது. மனைவி வாசலில் நின்று இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

கிரீஸ் விரலோடு ரொட்டிக்காரரின் எண்ணை அழுத்தினார். மணி போயிற்று. போய்க்கொண்டே இருந்து, நின்றது.

"பகல்லதானே தூங்குவாங்க, ரொட்டி போடுறவங்க" என்றாள் மனைவி, சத்தத்துக்கு மேலே.

அங்கே இப்போது காலை எட்டு மணி, கடையில் ரொட்டி சூடாக விற்கும் நேரம். ஒன்பது நாளாக அவரைக் குழுவில் காணவில்லை என்று முந்தின நாள்தான் டிரைவர் கேட்டிருந்தார். இருப்பார், வேலை இருக்கும் என்று எல்லாரும் எழுதியிருந்தார்கள். பல்லுக்காரரும் எழுதியிருந்தார்.

நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடினால் எஞ்சின் சூடேறிவிடும். அது அவருக்குத் தெரியும். அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, கைப்பிடி முறுக்கைக் கொஞ்சம் குறைத்தார். மறுபடி எண்ணை அழுத்தினார். எடுத்த உடனே கேட்க வேண்டும் என்று போனை எஞ்சின் பக்கத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.