பெயர் கேட்கும் காட்சி

அந்தப் படத்தை அண்ணனோடு உட்கார்ந்து பார்த்திருக்கக் கூடாதோ என்று பாதியிலேயே எனக்குப் பயம் வந்துவிட்டது.

மாத்தளையில் அண்ணன் வீட்டுக்கு ஞாயிறு பகல் போயிருந்தேன். என்னோடு படிப்பிக்கும் டீச்சர் பென்டிரைவில் தந்த பழைய போர்ப் படம். ஆற்றைக் கடக்கும் ஆயிரக்கணக்கான சிப்பாய்கள், புகைக்குள் ஓடும் குதிரைகள். "என்னமா எடுத்திருக்காங்க!" என்று அண்ணன் தொடையில் தட்டினார்.

பிறகு கதாநாயகன் பிடிபட்டான். சின்ன அறை. எதிரி அதிகாரி பெயர் கேட்கிறான். அந்த நடிகரின் முகத்தில் எதுவும் அசையவில்லை. வெறுங்கால் விரல்கள் மட்டும் தரையில் மெல்ல மடங்கின.

அண்ணன் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. யுத்த காலத்தில் கொழும்புக் கடையொன்றில் வேலை செய்தபோது, சோதனைச் சாவடியில் பிடித்து அவரைப் பதினொரு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். வந்தவர் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ரிமோட்டை எடுத்தேன்.

"நிப்பாட்டாத," என்றார்.

அதிகாரி மறுபடி கேட்டான். நடிகர் தன் பெயரைச் சொன்னார், அது தன் பெயர்தானா என்று சந்தேகப்படுகிறவர் போல.

"அப்பிடித்தான்," என்றார் அண்ணன். "நம்ம ஐடென்டி கார்டக் கையில வச்சிக்கிட்டே திருப்பித் திருப்பிக் கேப்பாங்க. சரியாத்தான் சொல்றோமான்னு நமக்கே பயமாயிரும்."

குசினியிலிருந்து அண்ணி வந்து நின்றார். கையில் அரிசிச் சட்டி.

"அடிச்சாங்களா?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணி அதை அன்றுதான் கேட்டார். அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன்.

"ரெண்டாவது நாளு," என்றார். "அடி பரவாயில்ல. பக்கத்து ரூம் ஆளக் கூட்டிட்டுப் போவாங்க பாரு, அதத்தான் தாங்க முடியாது."

அண்ணி சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். படம் முடியும்வரை மூவரும் எழும்பவில்லை. பெரிய சண்டைக் காட்சிகளெல்லாம் வந்து போயின. என் மனதில் ஒன்றும் பதியவில்லை.

"இந்த ஆளு எங்கயாச்சும் உள்ள இருந்திருப்பாரா?" என்று அண்ணன் கேட்டார்.

"தெரியலண்ணே."

"இருந்திருக்க மாட்டாரு. இருந்திருந்தா இத நடிச்சிருக்க முடியாது."

பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்குப் பாண் வாங்கப் போனார். அண்ணி கீழே வைத்த சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

அடுத்த வாரம் அண்ணி போனில் பேசினார்.

"கொஞ்சங் கொஞ்சமா சொல்றாரு. கேக்கப் பயமாத்தான் இருக்கு. ஆனாலும் கேக்குறேன்."