குரும்பூர் கேட்டில் எமன் போட்ட சத்தம்

ஏரல் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பிச்சைக்கண்ணுவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். யாரும் கவனித்ததில்லை, அவ்வளவுதான். ரேஷன் கடை வரிசையில் நாலு பேர் முன்னால் புகுந்தால், ஐந்தாவது ஆளுக்கும் சேர்த்தே இடம் விட்டு நிற்பார். பஸ்ஸில் தன் காலை மிதித்தவனிடம், "காலத் தெரியாம அங்கன வச்சிட்டேன் தம்பி" என்று தானே மன்னிப்புக் கேட்பார். நாற்பது வயது வரை அந்த மனிதர் சத்தம் போட்டு ஒரு ஈ காக்கை கேட்டதில்லை. அப்படிப்பட்டவருக்குத் தசரா செட்டில் கிடைத்த வேடம் என்ன தெரியுமா? எமன்! கூத்தைப் பாருங்கள்.

குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி, வேடம் போட்டு, செட்டுச் செட்டாக ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கிப் பத்தாம் நாள் குலசைக் கடற்கரைக்குப் போய்ச் சேருவார்கள். ஏரல் செட்டுக்குத் தலைவர் பலசரக்குக் கடை பூதலிங்கம் அண்ணாச்சி. அவர் ராஜா. தையல்காரர் உலகநாதன் காளி. மின்வாரிய லைன்மேன் தில்லைநாயகம் கரடி. ஆளாளுக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்ள, "மிச்சம் கெடக்கத எனக்குத் தாங்க" என்றார் பிச்சைக்கண்ணு. மிச்சம் கிடந்தது எமன். இரண்டு கொம்பு, கருப்புச் சாயம், தேங்காய் மொத்தத்துக்கு ஒரு மீசை, கடையில் அண்டா கட்டுகிற கயிற்றிலேயே ஒரு பாசக்கயிறு.

அவர் வேடம் போட்டதற்குக் காரணம் அவர் மனைவி கோமு. முந்தின வருஷம், தொண்ணூற்றைந்தில், அவளுடைய ஒரே தம்பி சங்கர் மஞ்சள் காமாலையில் படுத்துப் பிழைப்பானா மாட்டானா என்று கிடந்தான். கோமு அம்மனிடம் ஒரு பேரம் பேசினாள். தம்பி பிழைத்தால் குரங்கு வேடம் போடுவான். காப்புக் கட்டினதிலிருந்து அறுக்கிற வரைக்கும் வாய் திறக்க மாட்டான். அவனுக்குத் துணையாக என் வீட்டுக்காரரும் வேடம் போட்டு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். இரண்டு ஆண்பிள்ளைகள் தலையில் நேர்ச்சையைக் கட்டிவிட்டாளே, அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டாளா என்றால், கேட்கவில்லை. கோமு அப்படித்தான்.

காப்புக் கட்டின அன்று புருஷனிடம் சொன்னாள்: "இந்தா பாருங்க. பத்தாம் திருநா அன்னைக்கு நான் குலசைக் கடக்கரையில நிப்பேன். எந்தம்பியக் கையோட கூட்டியாந்து எங்கண்ணு முன்னால நிறுத்தணும். அவன் இல்லாம நீங்க மட்டும் வந்தீயன்னா..."

அதோடு நிறுத்திவிட்டாள். மிச்சத்தைச் சொல்லியிருந்தால்கூட எமனுக்கு இவ்வளவு நடுக்கம் வந்திருக்காது.

ஒன்பது நாளும் தடங்கல் இல்லாமல் போயிற்று. சங்கர் குரங்காகப் பிறக்க வேண்டியவன்தான். வாயைத் திறக்காமல், ஒரே மூச்சில் ஏழு குட்டிக்கரணம் போடுவான். ஆறாம் நாள் அதை ரோட்டில் பார்த்த திசையன்விளை செட்டின் தலைவர் சொக்கிப்போய், "இந்தக் குரங்க எங்களுக்குத் தந்திரும் வே" என்று பூதலிங்கத்திடம் கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பூதலிங்கம் விளையாட்டுக்குச் சிரிக்கிற ஆளில்லை.

பத்தாம் நாள் காலையில் ஏரல் ஆற்றங்கரை. குளித்துவிட்டுப் புறப்பட அன்றைக்கு அங்கே இரண்டு செட்டும் வந்து நின்றன. இரண்டும் மஞ்சள் வேன். இரண்டிலும் வேப்பிலைத் தோரணம், அம்மன் படம், உறுமுகிற ஒலிபெருக்கி. வேடம் கட்டிவிட்டால் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது செட்டு வழக்கம். ராஜா என்றால் ராஜா, காளி என்றால் "அம்மா". ஆளை எண்ணுவதும் அப்படித்தான். பூதலிங்கம் வேனுக்குள் தலையை விட்டு எண்ணினார்: "ராஜா நான் ஒண்ணு. அம்மா ஒண்ணு. எமன் ஒண்ணு. கொரங்கு ஒண்ணு. கரடி ஒண்ணு. கணக்குச் சரி, எடும்யா வண்டிய!" டிரைவர் எலியேசர் நாசரேத்துக்காரர், சர்ச்சில் மணியடிக்கிற கோயில் குட்டியார் மகன், ஆனாலும் பத்து நாளாகச் செட்டோடு பச்சரிசிச் சோறு தின்று பக்தியாகவே இருந்தார். எடுத்தார் வண்டியை.

கடைசியாக நாலு வீடு பார்த்துவிடலாம் என்று உமரிக்காட்டுக்குப் போனார்கள். ஒரு வீட்டு முற்றத்தில் பிள்ளைகள், "கொரங்கு, கரணம் போடு!" என்று கத்தின. குரங்கு எழுந்தது. அரைக் கரணம் போட்டது. தண்ணீர் நிறைந்த அண்டாவுக்குள் தலைகீழாக விழுந்தது. விழுந்து, தெளிவாக, எல்லார் காதிலும் விழும்படி, "ஐயோ எம்மா!" என்றது.

மேளம் நின்றுபோயிற்று. பத்து நாள் பேசாத குரங்கு பேசிவிட்டது! "வெரதம் போச்சே!" என்று பூதலிங்கம் கிரீடத்தில் அடித்துக்கொண்டார். பிச்சைக்கண்ணுவுக்கு வேறு கவலை. கோமுவிடம் என்ன சொல்வது? ஓடிப்போய்க் குரங்கைத் தூக்கி, நனைந்த முகமூடியைக் கழற்றினார். உள்ளே பூனைமீசை வைத்த யாரோ ஒரு பையன் இருமிக்கொண்டிருந்தான்.

"ஏலே, நீ யாரு?"

"சிவகணேஷ். திசையன்வெளை. நீங்க?"

"நாங்க ஏரல் செட்டு."

"அப்ப நான் எதுக்கு இங்கன இருக்கேன்?"

நியாயமான கேள்வி. ஆற்றங்கரையில் வேன் மாறி ஏறியிருக்கிறான், ஏறினவன் உறங்கிவிட்டான். வேனுக்குள் ராஜாவும் காளியும் எமனும் இருந்தார்கள், தன் செட்டென்றே நினைத்துக்கொண்டான். கரடியையும் தட்டிப் பார்த்தார்கள். அதுவும் வேற்றுக் கரடி. தட்டியும் எழும்பவில்லை, குறட்டை விட்டது.

"கடத்திட்டான்வ வே!" என்று பூதலிங்கம் அட்டை வாளை உருவினார். "அன்னைக்கே கேட்டாம்லா! நல்ல கொரங்கத் தூக்கிட்டு நமக்குச் சொத்தக் கொரங்கத் தள்ளிட்டான். கூடவே கரடியையும்லா கொண்டுட்டுப் போயிட்டான்!"

"நான் ஒண்ணும் சொத்தக் கொரங்கு இல்ல" என்றான் சிவகணேஷ்.

"கைதி பேசக் கூடாது. எமா, கட்டு இவன!"

பிச்சைக்கண்ணு பாசக்கயிற்றை எடுத்துக் கட்டினார். கட்டிவிட்டு, "இறுக்குதா தம்பி?" என்று கேட்டுத் தளர்த்திவிட்டார். இன்னும் கொஞ்சம் தளர்த்தினார். கடைசியில் கயிறு நழுவிவிடாமல் கைதியே பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஆனால் அவர் மனசு கட்டுகிற கயிற்றில் இல்லை, குலசையில் இருந்தது. இன்றைக்கு அங்கே லட்சம் ஜனம். ஆயிரம் குரங்காவது வரும். சங்கர் மாறி ஏறின திசையன்விளை வேன் குலசைக்குள் நுழைந்துவிட்டால், வாயே திறக்காத ஒரு குரங்கை ஆயிரம் குரங்குக்குள் எங்கே போய்த் தேடுவது? கூப்பிட்டாலும், நான்தான் என்று சொல்ல மாட்டானே! கடற்கரையில் கோமு நிற்பாள். "எங்க எந்தம்பி?" என்பாள். "எலியேசரண்ணே, கொஞ்சம் பைய வெரட்டுங்க" என்றார். மெல்ல விரட்டுவது எப்படி என்று எலியேசருக்குத் தெரியவில்லை. மிதித்தார் ஒரு மிதி.

அந்த விரட்டல் இருக்கிறதே, அடடா! ஏரல் பாலத்தில் வேன் பறக்கிறது, தோரணம் பின்னால் கிழிந்து பறக்கிறது. ஆனால் காளியைப் பார்த்து யாராவது கை கூப்பினால் திருநீறு கொடுக்காமல் போகக் கூடாது. ரோட்டோரம் நாலெட்டுக்கு ஒருவர் கை கூப்பினார். உலகநாதன் ஜன்னல் வழியாகக் கை நிறைய அள்ளி, ஓடுகிற ஓட்டத்திலேயே வீசினார். பஸ் நிறுத்தத்தில் நின்ற அத்தனை பேரும் தலை முதல் கால் வரை வெள்ளையாகி, "அம்மா தாயே!" என்றார்கள். இன்னொரு மஞ்சள் வேன் போயிற்றா என்று கேட்க ஓரிடத்தில் நிறுத்தியபோது, பிச்சைக்கண்ணு வெளியே தலையை நீட்டி, சைக்கிளில் வந்த ஒரு பெரியவரிடம் பணிவாக, "ஐயா, ஒரு நிமிசம்" என்றார். பெரியவர் கொம்பைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார், சைக்கிளைப் போட்டுவிட்டு வாழைத்தோட்டத்துக்குள் பாய்ந்தார். "எனக்கு இன்னும் பேத்தி கல்யாணம் பாக்கியிருக்கு சாமி!" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

குரும்பூர் வந்தால் ரயில்வே கேட் அடைத்துக் கிடக்கிறது. திருச்செந்தூர் வண்டி வருகிற நேரம். பிச்சைக்கண்ணு இறங்கி எட்டிப் பார்த்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொரு மஞ்சள் வேன் இவர்களைப் பார்த்து நிற்கிறது! அவர்களும் பாதி வழியில் ஆள் மாறினதைக் கண்டுபிடித்துத் துரத்திக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்கள். இங்கே ராஜா, அங்கே ராஜா. இங்கே காளி, அங்கே காளி. அந்த வேனின் உச்சியில், வாலைச் சுருட்டிக்கொண்டு, சங்கர்!

"எங்க கொரங்க எங்க வே வச்சிருக்கீரு?" என்று அந்த ராஜா கத்தினார்.

நம்முடைய ராஜா பதிலுக்கு வாயைத் திறந்தார். ஆனால் அந்தப் பக்கத்து எமன் வண்டியை விட்டு இறங்கிவிட்டான். ஆறடி உயரம், கையில் நிஜ உலக்கை. பூதலிங்கம் திறந்த வாயை மூடிக்கொண்டு பிச்சைக்கண்ணுவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார். ஆறடி எமன், கேட் இப்போது திறக்காது என்று கண்டதும், "வண்டியத் திருப்புல, குலசைக்குப் போயி பேசிக்கிடுவோம்" என்றான் தன் டிரைவரிடம். வேன் உறுமிப் பின்னால் நகர்ந்தது.

குலசைக்கா! பிச்சைக்கண்ணுவுக்குக் கோமு முடிக்காமல் விட்ட வாக்கியம் முழுசாகக் காதில் கேட்டது. நாற்பது வருஷம் வரிசையில் விட்டுக்கொடுத்த இடம், மிதிபட்ட கால், விழுங்கின வார்த்தை எல்லாம் அடிவயிற்றிலிருந்து ஒன்றாகக் கிளம்பி மேலே வந்தது.

"ஏலேஏஏஏய்!"

அந்த நேரம் பார்த்து ரயில் வந்துவிட்டது. தடதடவென்று பெட்டிகள் ஓடின. ஜன்னலில் இருந்தவர்கள் இந்தப் பக்கம் எமனைப் பார்த்தார்கள், அந்தப் பக்கம் எமனைப் பார்த்தார்கள், குழந்தைகளை மடிக்குள் இழுத்துக்கொண்டார்கள். கடைசிப் பெட்டியும் போய்விட்டது. பிச்சைக்கண்ணுவின் சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

"...எங்கொரங்க விட்டுட்டுப் போங்கல! அவன் எம் மச்சினன்ல!"

கேட் கீப்பர் கொடியைக் கீழே போட்டார். உலக்கை எமன் உலக்கையைப் போட்டான். வேன் அப்படியே நின்றது. சங்கர் உச்சியிலிருந்து குதித்தான். கேட் திறக்கிறவரைக்கும் பொறுக்காமல் அடியில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி, ஏழு கரணம் போட்டு அத்தான் காலடியில் வந்து விழுந்தான். எமன் குரங்கைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். சாயம் கரைந்து குரங்கின் தலையெல்லாம் கருப்பாயிற்று.

அப்புறம் பகை ஏது! "நாங்களும் நீங்கதான் களவாண்டியன்னுலா நெனச்சோம்" என்றார் திசையன்விளை ராஜா. "மொதல்ல உங்க கரடிய எறக்குங்க வே. எங்க வாழத்தார் ரெண்டையும் தின்னுட்டாரு." சிவகணேஷ் கயிற்றைச் சுருட்டி எமனிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான். அவர்கள் கரடியை மட்டும் உறக்கத்திலேயே நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மாலையில் குலசைக் கடற்கரை. மணலே தெரியாத கூட்டம். பிச்சைக்கண்ணு சங்கரின் கையை விடவேயில்லை. கோமுவை எங்கே தேடுவது என்று அவர் திகைத்து நிற்கும்போதே அவள் வந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"இத்தன எமன் நிக்கானே, என்னய எப்படிக் கண்டுபிடிச்ச?"

"போறவன் வாறவனுக்கெல்லாம் ஒதுங்கி வழிவிடுத எமன் வேற எவன் இருக்கான்?" என்றாள் கோமு. தம்பியின் முகமூடியைத் தடவினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பூதலிங்கம் அதற்குள் கதையை ஆரம்பித்துவிட்டார். "கேட்டுல நான் ஒரு சத்தம் குடுத்தேன் பாரு தாயி, ரயிலே ஆடிப்போச்சு!" காளி தலையாட்டினார். எலியேசர் ஏதோ சொல்ல வந்தார், ராஜா விடவில்லை. பிச்சைக்கண்ணு கம்மின தொண்டையோடு மெல்ல, "நானுங்கூடக் கொஞ்சம்..." என்றார்.

"நீங்களா? சும்மா இருங்க" என்று சிரித்தாள் கோமு. அவர் சும்மா இருந்தார். ஆனால் அன்றைக்கு முதல் தடவையாக அது அவருக்கு வலித்தது. பார்த்த சாட்சி பக்கத்திலேயே நிற்கிறான், வாலை ஆட்டிக்கொண்டு, வாயைக் கட்டிக்கொண்டு.

மறுநாள் அம்மன் முன்னால் காப்பு அறுத்தார்கள். சங்கர் முகமூடியைக் கழற்றினான். பத்து நாள் பேசாத பிள்ளை முதல் வார்த்தையாக அம்மன் பெயரைச் சொல்லப் போகிறான் என்று கோமு கை கூப்பி நின்றாள்.

"அக்கா" என்றான் சங்கர். "கேட்டுல சத்தம் போட்டது அத்தான். நெசமாவே அத்தாந்தான். எனக்காவத்தான் கத்துனாவ."

கோமு கூப்பின கையை எடுக்கவில்லை. அப்படியே புருஷன் பக்கம் திரும்பி நின்றாள். பின்னால் நின்ற யாரோ வழிவிடச் சொன்னார்கள். பிச்சைக்கண்ணு, பழக்கதோஷம், ஒதுங்கப் போனார்.

"அங்கனயே நில்லுங்க" என்றாள் கோமு. "அவுக சுத்திப் போவட்டும்."